கண்ணம்மாளுக்கு ஒரு பக்கம்

தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத வருகிற எல்லோரும் சீக்கிரமே வந்து முட்டிக்கொள்கிற இடம் ஒன்று இருக்கிறது. நாம் மதிக்கிற ஒருவரைப் பற்றி ஆசையாக ஒரு கட்டுரை எழுதிப் பதிந்திருப்போம். அடுத்த நாள் பார்த்தால் மேலே ஒரு பெட்டி தொங்கும்: குறிப்பிடத்தக்கமை நிறுவப்படவில்லை, சான்று சேர்க்கவும், இல்லையெனில் நீக்கப்படும். எழுதியவருக்கு மனசு சுருக்கென்று ஆகிவிடும். நாற்பது வருஷம் ஊருக்காக உழைத்தவரைக் குறிப்பிடத்தக்கவர் இல்லை என்று சொல்ல நீங்கள் யார் என்று கோபம் வரும்.

நான் கோவையில் இருந்துகொண்டு கொங்குநாட்டுப் பெண் தலைவர்களைப் பற்றி எழுதப் பார்க்கிறவள். இந்தச் சண்டையை இரண்டு பக்கமும் நின்று போட்டிருக்கிறேன். கட்டுரையைக் காப்பாற்றச் சண்டை போட்டதும் உண்டு, நீக்கலாம் என்று வாக்களித்ததும் உண்டு. அதனால் யாருக்குத் தனிப்பக்கம் வேண்டும், யாருக்கு வேண்டாம், எதை வைத்து முடிவு செய்வது என்று என் மனசில் இருப்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் எவ்வளவு பெரிய தியாகம் செய்தார், எவ்வளவு நல்லவர் என்று விக்கிப்பீடியா கேட்பதில்லை. அவரோடு சம்பந்தம் இல்லாத யாராவது, நம்பகமான இடத்தில், அவரைப் பற்றி ஓரளவு விரிவாக எழுதியிருக்கிறார்களா? அவ்வளவுதான் கேள்வி. கணவர் எழுதிய நினைவு மலர் சேராது. அவர் இருந்த கட்சியின் பத்திரிகையை மட்டும் வைத்து ஒப்பேற்ற முடியாது. ஒரு கூட்டத்தில் கலந்துகொண்டவர்கள் பட்டியலில் பெயர் வந்தால் போதாது.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுதப்பட்டவர்கள் யார், எழுதப்படாதவர்கள் யார் என்பதை எப்போதோ யாரோ முடிவு செய்துவிட்டார்கள். பத்திரிகை ஆபீஸில் இருந்தவர்கள், வரலாறு எழுதியவர்கள், மாநாட்டு மலர் தொகுத்தவர்கள் எல்லாம் சேர்ந்து எடுத்த முடிவு அது. அந்த முடிவின் மேல்தான் இந்த விதி உட்கார்ந்திருக்கிறது.

ஈரோட்டில் இருந்து தொடங்குகிறேன். கண்ணம்மாள் என்றால் யாருக்கும் உடனே தெரியாது. பெரியாரின் தங்கை என்றால் தெரியும். 1921-ல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தபோது, ஆண்கள் கைதாகிப் போன பிறகு, தடையை மீறி வீதிக்கு வந்து மறியலை நடத்தியவர்கள் இரண்டு பெண்கள். ஒருவர் பெரியாரின் மனைவி நாகம்மாள், இன்னொருவர் கண்ணம்மாள். மறியலை நிறுத்தச் சொல்லிக் கேட்டபோது, அது தன் கையில் இல்லை, ஈரோட்டில் இருக்கும் இரண்டு பெண்களின் கையில் இருக்கிறது என்கிற பொருளில் காந்தி சொன்னதாக அந்தக் காலத்தைப் பற்றி எழுதுகிற எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். 1924-ல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் நடந்தபோது இவர்கள் இருவரும் அங்கேயும் போனார்கள்.

இதுவரைக்கும் கண்ணம்மாள் இரண்டு பேரில் ஒருவர். இதற்குப் பிறகு வருவதுதான் எனக்கு முக்கியம். 1933 மே மாதம் நாகம்மாள் இறந்துவிட்டார். அதே வருஷம் அக்டோபர் 29-ஆம் தேதி குடிஅரசு இதழில் அன்றைய ஆட்சி ஏன் ஒழிய வேண்டும் என்று ஒரு தலையங்கம் வந்தது. அரசாங்கம் ராஜத்துரோக வழக்குப் போட்டது. ஆசிரியர் என்ற முறையில் பெரியார் மேல். பதிப்பாளர் என்ற முறையில் கண்ணம்மாள் மேல். கோவையில் விசாரணை நடந்தது. 1934-ல் இரண்டு பேருக்கும் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

கொஞ்சம் நின்று இதை யோசித்துப் பாருங்கள். 1933-ல், ஈரோட்டில், ஒரு பெண் பத்திரிகைப் பதிப்பாளராகத் தன் பெயரைக் கொடுக்கிறார். வழக்கு வந்தால் முதலில் மாட்டப்போவது அந்தப் பெயர்தான் என்று தெரிந்தே கொடுக்கிறார். பிரிட்டிஷ் அரசாங்கம் அவரை 124-ஏ பிரிவின்கீழ் நிறுத்துகிறது. திலகர் மேலும் காந்தி மேலும் போட்ட அதே பிரிவு. பத்திரிகைக்காக அந்தப் பிரிவில் சிறைக்குப் போன பெண்கள் அந்தக் காலத்தில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

இவரைப் பற்றிக் கட்டுரையின் முதல் வரியை எழுத உட்கார்ந்தால் கை தானாக இப்படித்தான் எழுதும்:

கண்ணம்மாள், தந்தை பெரியாரின் தங்கை. கள்ளுக்கடை மறியலிலும் வைக்கம் போராட்டத்திலும் கலந்துகொண்டவர்.

இதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் இதைப் படிக்கிற நிர்வாகி, பெரியார் கட்டுரையில் ஒரு பத்தியாக இதைச் சேர்த்துவிட்டு இந்தப் பக்கத்தை அங்கே வழிமாற்றிவிடலாமே என்றுதான் சொல்வார். சொன்னால் குற்றம் சொல்ல முடியாது. இப்போது இதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

கண்ணம்மாள், ஈரோட்டிலிருந்து வெளிவந்த குடிஅரசு இதழின் பதிப்பாளர். அவ்விதழின் 1933-ஆம் ஆண்டுத் தலையங்கத்துக்காக ராஜத்துரோக வழக்கில் தண்டிக்கப்பட்டுச் சிறை சென்றவர். 1921 ஈரோடு கள்ளுக்கடை மறியலை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர்.

ஆள் ஒன்றுதான், சான்றுகளும் ஒன்றுதான். ஆனால் இரண்டாவது வரிக்கு யாரும் நீக்கல் வேண்டுகோள் வைக்க மாட்டார்கள். அண்ணன் யார் என்பது கீழே குடும்பம் என்ற தலைப்பில் வரட்டும்.

இதை நான் ஒரு வழக்கமாகவே வைத்துக்கொண்டுவிட்டேன். ஒரு பெண் தலைவரைப் பற்றிய தகவல்களை எடுத்துப் பரப்பி வைத்துக்கொண்டு, அதில் இருந்து உறவுக்காரர்களை எல்லாம் எடுத்துவிடுவேன். கணவர், அண்ணன், அப்பா எல்லாரையும். பிறகு அவருக்குக் கிடைத்த பட்டங்களை எடுத்துவிடுவேன். அவருக்கு நடந்த கொடுமைகளையும் எடுத்துவிடுவேன். மிச்சம் என்ன இருக்கிறது, அதற்குச் சான்று இருக்கிறதா என்று பார்ப்பேன். கண்ணம்மாளுக்கு நிறையவே மிஞ்சுகிறது.

மீனாம்பாள் சிவராஜுக்கும் அப்படித்தான். அவர் கொங்குநாட்டுக்காரர் இல்லை. 1904-ல் ரங்கூனில் பிறந்து சென்னையில் வாழ்ந்து 1992-ல் மறைந்தவர். பட்டியல் சாதியினருக்கான அரசியலில் இந்த மாகாணத்தில் மேடையேறிப் பேசிய முதல் தலைமுறைப் பெண்களில் ஒருவர். ஆனால் இன்றைக்கும் பாதிப்பேர் அவரை அறிமுகப்படுத்துவது இரண்டே விதத்தில்தான்: என். சிவராஜின் மனைவி, ஈ.வெ.ரா.வுக்குப் பெரியார் பட்டம் கிடைக்கக் காரணமானவர்களில் ஒருவர். ஒரு ஆணுக்கு மனைவி, இன்னொரு ஆணுக்குப் பட்டம் கொடுத்தவர். நடுவில் அவர் பேசிய அரசியல் எங்கே போயிற்று? அன்றைய பத்திரிகைகளைத் தேடுவதிலும் இதே சிக்கல்தான். திருமதி என்று போட்டுக் கணவர் பெயரை மட்டும் எழுதுகிற வழக்கம் அப்போது இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தலைப்பெழுத்து, பின்னால் வேறு தலைப்பெழுத்து. பெயரைப் போட்டுத் தேடினால் எதுவும் வராது. கணவர் பெயரைப் போட்டு, கூட்டம் நடந்த ஊரையும் தேதியையும் வைத்துத் தேடினால்தான் ஆள் கிடைப்பார். தேடியும் கிடைக்கவில்லை என்று ஒருவர் சொன்னால், எந்தப் பெயரில் தேடினீர்கள் என்று நான் கேட்பது இதனால்தான்.

விதிப்படி கேள்வியே இல்லாமல் உள்ளே வந்துவிடுகிறவர்கள் உண்டு. நாடாளுமன்ற உறுப்பினர் என்றால் போதும், தனிப்பக்கம் நிச்சயம். கோவையில் இருந்து 1957, 1974 இடைத்தேர்தல், 1977 என்று மக்களவைக்குப் போன பார்வதி கிருஷ்ணன் அப்படி. 1962-ல் நீலகிரியில் வென்ற படுகர் இனத்துப் பெண் அக்கம்மா தேவி அப்படி. பார்வதி அம்மா மேல் எனக்கு அளவு கடந்த மரியாதை. குமாரமங்கலம் ஜமீன் வீட்டில் பிறந்து, சீமையில் படித்துவிட்டு வந்து, மில் தொழிலாளிகளோடு நின்றவர். ஆனால் அவர் பேசிய கேட் மீட்டிங்கில் தரையில் உட்கார்ந்திருந்த ரீலிங் டிபார்ட்மெண்ட் பெண்களில், அடுத்த நாள் சிப்ட்டுக்குப் போய் மற்றவர்களைப் பேசிச் சேர்த்த ஒருத்தி இருந்திருப்பாள் இல்லையா? மில் மில்லுக்கு அப்படி ஒருத்தி இருந்திருப்பாள். அவளுக்குத் தொகுதி இல்லை. அதனால் பக்கமும் இல்லை.

பாப்பம்மாள் பாட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையம் பக்கத்தில் தேக்கம்பட்டி. பலசரக்குக் கடை வைத்து, அதில் மிச்சம் பிடித்துக் காடு வாங்கி, நூறு வயசைத் தாண்டியும் தோட்டத்தில் இறங்கி வேலை செய்தவர். ஊராட்சி உறுப்பினராகவும் காரமடை ஒன்றியக் கவுன்சிலராகவும் இருந்திருக்கிறார். 2021-ல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அந்த வாரமே உலகம் முழுக்க அவர் படம் வந்தது. 2024 செப்டம்பரில் அவர் மறைந்தபோது எல்லாப் பத்திரிகையும் எழுதின. இப்போது அவருக்குச் சான்றுக்குப் பஞ்சமே இல்லை.

ஆனால் அந்தச் சான்றுகளைப் படித்துப் பாருங்கள். வயசு, என்ன சாப்பிடுவார், எத்தனை மணிக்கு எழுந்திருப்பார், பிரதமர் காலைத் தொட்டுக் கும்பிட்ட படம். அவர் பஞ்சாயத்தில் உட்கார்ந்திருந்த காலத்தில், பெண்களுக்கு இடஒதுக்கீடு என்ற பேச்சே இல்லாத அந்த நாளில், தேர்தலில் நின்று ஜெயித்தது எப்படி? அந்த ஊருக்கு என்ன கொண்டுவந்தார்? யாரை எதிர்த்து நின்றார்? பட்டத்தை எடுத்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவதுதான் அவருடைய தலைமை. அதைப் பற்றித்தான் மிகக் குறைவாக எழுதியிருக்கிறார்கள். கேட்டிருந்தால் பாட்டி சொல்லியிருப்பார். நன்றாகப் பேசக்கூடியவர்தான்.

அடுத்து வருவது எனக்குச் சங்கடமான பகுதி. இதில் நான் வேண்டாம் என்கிற பக்கம் நிற்கிறேன்.

சின்னியம்பாளையம் தியாகிகளைக் கோவைக்காரர்களுக்குத் தெரியும். ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன். பீளமேடு ரங்கவிலாஸ் மில் தொழிலாளிகள். 1946 ஜனவரி 8-ஆம் தேதி கோவைச் சிறையில் நான்கு பேரையும் ஒன்றாகத் தூக்கிலிட்டார்கள். ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் சின்னியம்பாளையத்தில் செங்கொடியோடு கூடுகிறார்கள். அவர்களைத் தூக்குக்கு அனுப்பிய வழக்கின் தொடக்கத்தில் ஆலையில் வேலை செய்த பெண்களுக்கு அடியாள் ஒருவன் இழைத்த கொடுமை இருக்கிறது. அதற்கு ஆளான ஒரு பெண்ணின் பெயர் பல நூல்களில் வருகிறது. அவரைப் பற்றித் தனிக் கட்டுரை தொடங்கலாமா என்று ஆர்வத்தோடு கேட்கிறவர்கள் உண்டு. நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார்கள்.

வேண்டாம் என்பேன். அவருக்கு நடந்ததை எடுத்துவிட்டால் அவரைப் பற்றி நம்மிடம் ஒரு வரிகூட இல்லை. அவர் எந்த ஊர், எந்த டிபார்ட்மெண்ட், பிறகு எப்படி வாழ்ந்தார், சங்கத்தில் பேசினாரா, ஒன்றும் எழுதப்படவில்லை. அவர் வாழ்க்கையின் மிக மோசமான ஒரு ராத்திரியை மட்டும் எடுத்து, அதற்கு மேலே அவர் பெயரைத் தலைப்பாகப் போட்டு, கூகுளில் தேடினால் முதலில் வருகிற மாதிரி வைப்பது அவருக்குச் செய்கிற மரியாதை ஆகாது. சின்னியம்பாளையம் நிகழ்வைப் பற்றிய கட்டுரையில் பெண் தொழிலாளர்கள் என்ன பட்டார்கள், என்ன செய்தார்கள் என்று முழுதாக எழுதலாம், எழுத வேண்டும். அவர் பெயரை நான் இங்கேயும் எழுதவில்லை.

இன்றைக்கும் இதே சிக்கல் வேறு உருவத்தில் வருகிறது. தமிழ்நாட்டில் 2016-ல் உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டம் வந்தது. 2019 டிசம்பர் ஊரகத் தேர்தலில் பட்டியல் சாதிப் பெண்கள் பலர் ஊராட்சித் தலைவர்கள் ஆனார்கள். 2020 அக்டோபரில் கோவை மாவட்டத்தில் அப்படி ஒரு தலைவர், தன்னைத் தலைவர் நாற்காலியில் உட்காரக் கூடாது, பெயர்ப் பலகையில் பெயர் போடக் கூடாது என்று மிரட்டுவதாகப் போலீஸில் புகார் கொடுத்தார். எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. ஆங்கிலப் பத்திரிகை, தமிழ்ப் பத்திரிகை, டிவி என்று சான்றுக்குக் குறைவே இல்லை. ஆனால் ஒரே ஒரு நிகழ்வால் மட்டும் அறியப்படுகிறவருக்குத் தனிக் கட்டுரை வேண்டாம் என்பது விக்கிப்பீடியாவின் வழக்கம். இந்த விஷயத்தில் அந்த வழக்கம் சரி என்றுதான் நினைக்கிறேன்.

என் ஆதங்கம் வேறு. அந்தப் புகாருக்கு முன்னாலும் பின்னாலும் அவர் தலைவராக என்ன செய்தார்? தண்ணீர்த் தொட்டி கட்டினாரா, நூறு நாள் வேலையில் கூலி பாக்கியை வாங்கிக் கொடுத்தாரா, கிராமசபையில் என்ன தீர்மானம் போட்டார்? அதை எழுத ஒரு நிருபரும் போகவில்லை என்றால், தலித் பெண் தலைவர்கள் என்று எழுதத் தொடங்கினாலே நம் கையில் அவமானத்தின் பட்டியல்தான் இருக்கும். அவர்கள் நிர்வாகம் செய்ததற்குச் சான்று இருக்காது. பத்து வருஷம் கழித்து ஒரு மாணவி வந்து தேடினால், இவர்கள் எல்லாம் நாற்காலி மறுக்கப்பட்டவர்கள் என்று மட்டும்தான் தெரிந்துகொள்வாள்.

அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களைப் பற்றிய கட்டுரைகளுக்கும் இந்தச் சோதனை வந்திருக்கிறது. கிளாரிஸ் ஃபெல்ப்ஸ் என்று ஒரு வேதியியலாளர், ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் வேலை செய்தவர். 117-ஆவது தனிமமான டென்னசினைக் கண்டுபிடிக்கத் தேவைப்பட்ட பெர்க்கிலியத்தைச் சுத்திகரித்துக் கொடுத்த குழுவில் இருந்தவர். ஒரு தனிமத்தின் கண்டுபிடிப்பில் பங்கெடுத்த முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் என்று சொல்கிறார்கள். இங்கிலாந்து இயற்பியலாளர் ஜெஸ் வேட் 2018-ல் ஆங்கில விக்கிப்பீடியாவில் அவரைப் பற்றி எழுதினார். 2019-ல் கட்டுரையை நீக்கிவிட்டார்கள். அவர் வேலை செய்த ஆய்வகமே வெளியிட்டவை சார்பற்ற மூலம் ஆகாது என்பது ஒரு வாதம். பெரிய சர்ச்சை ஆனது, பத்திரிகைகள் எழுதின. 2020-ல் கட்டுரை திரும்ப வந்தது. கவனியுங்கள், நடுவில் அவர் செய்த வேலை மாறவில்லை. அவரைப் பற்றி எழுதியவர்களின் எண்ணிக்கைதான் மாறியது. இயற்பியலாளர் டோனா ஸ்டிரிக்லாண்டின் கதையும் தெரிந்திருக்கும். 2018-ல் அவரைப் பற்றிய வரைவைப் போதிய சான்று இல்லை என்று திருப்பிவிட்டார்கள். அதே வருஷம் அக்டோபரில் அவருக்கு இயற்பியல் நோபல் கிடைத்தது. அன்றைக்கே பக்கம் வந்துவிட்டது.

இதை எல்லாம் சொன்னதும், அப்படியானால் விதியைத் தளர்த்திவிடலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஒதுக்கப்பட்டவர்களுக்குச் சலுகை கொடுத்தால் என்ன?

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தளர்த்தினால் அந்தக் கதவு வழியாக முதலில் யார் வருவார்கள் என்று எனக்குத் தெரியும். காசு வாங்கிக்கொண்டு விக்கிப்பீடியாவில் பக்கம் போட்டுத் தருகிறோம் என்று சொல்கிற ஆட்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். விளம்பரமாக வந்த பக்கத்தைச் செய்தி என்று காட்டுவார்கள். யாரும் கேள்விப்படாத விருதுகளைப் பட்டியல் போடுவார்கள். சான்று எங்கே என்று கேட்கிற ஒரே ஆயுதம்தான் அவர்களை வெளியே நிறுத்துகிறது. அதை மழுங்க வைத்தால், ஒரு தூய்மைப் பணியாளர் தலைவி உள்ளே வருவதற்குள் நூறு தாளாளர்களும் தொழிலதிபர்களும் உள்ளே உட்கார்ந்திருப்பார்கள். அதோடு, சலுகையில் வந்த பக்கம் என்று ஒரு பெயர் வந்துவிட்டால் அது அந்தப் பெண்ணுக்குத்தான் இழுக்கு. கண்ணம்மாளுக்குச் சலுகை எதற்கு?

ஆங்கிலத்தில் 2015-ல் தொடங்கிய சிவப்பில் பெண்கள் (Women in Red) இயக்கமும் விதியை மாற்றச் சொல்லவில்லை. இருக்கிற விதிக்குள்ளேயே, தேடித் தேடி, சான்று உள்ள பெண்களுக்குப் பக்கம் எழுதுகிறார்கள். அப்போது வாழ்க்கை வரலாறுகளில் பெண்கள் பதினைந்து சதவீதம் அளவில் இருந்தார்கள், இப்போது இருபதை ஒட்டி வந்திருக்கிறது. மெதுவான வேலைதான். ஆனால் எழுதியது நிற்கிறது.

சான்றே இல்லாதவர்களை என்ன செய்வது? கடைசிவரை மனசை அறுக்கிற கேள்வி இதுதான்.

ஒண்டிப்புதூர் பக்கம் ஒரு அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். மாநகராட்சியில் கூட்டிப் பெருக்குகிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அருந்ததியர். தன் வட்டாரத்தில் கூலிக்காகவும் கையுறைக்காகவும் பிரசவ விடுப்புக்காகவும் பெண்களைத் திரட்டிக்கொண்டு போனவர் என்று பலர் சொல்லிக் கேள்விப்பட்டிருந்தேன். அவர் பீரோவில் இருந்து ஒரு ஜவுளிக்கடைப் பையை எடுத்துவந்து பிரித்தார். உள்ளே மனுக்கள். திங்கட்கிழமை குறைதீர்ப்புக் கூட்டத்தில் கலெக்டரிடம் கொடுத்தவற்றின் நகல்கள். ஒவ்வொன்றிலும் மேலே மூலையில் ஊதா நிறத்தில் தபால் பிரிவின் முத்திரை, தேதியோடு. கீழே கையெழுத்துகள். கையெழுத்துகளுக்கு எல்லாம் முதலில், இடது ஓரத்தில், ஒரு கைநாட்டு. எல்லா மனுவிலும் அதே இடத்தில் அதே கைநாட்டு.

"இது உங்களுதுங்களா அம்மா?"

"எம்பட கைதானுங் கண்ணு. நான் சொல்லச் சொல்லப் பக்கத்து ஊட்டுப் பையன் எழுதுவான். நான் மொதல்ல வெச்சாத்தான் மத்தவீக வெப்பாங்க. அவீகளுக்கு வேலை போயிருமோன்னு பயமுங்."

"அப்ப நீங்கதான் தலைவர்?"

"தலைவர்னு ஆரும் எழுதி வெக்கலீங் கண்ணு. நான் எந்திருச்சுப் போனா எல்லாரும் எம் பொறத்தால வருவாங்க, அவ்வளவுதானுங்."

அந்தப் பையில் இருந்ததைவிட நல்ல சான்று ஒரு தலைவருக்கு இருக்க முடியாது. ஆனால் அதில் ஒன்றைக்கூட நான் மேற்கோளாகக் காட்ட முடியாது. எல்லாம் முதனிலை ஆவணம். யாரும் அவற்றை ஆராய்ந்து எங்கேயும் வெளியிடவில்லை. 2022 அக்டோபரில் கோவை ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வந்த செய்திகளை எடுத்துப் பாருங்கள். படங்களில் முகம் முகமாகப் பெண்கள். செய்திக்குள் பெயரோடு பேசுகிறவர்களைத் தேடிப் பாருங்கள், எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

வாய்மொழியையே சான்றாக எடுத்துக்கொள்ள முடியுமா என்று முயன்று பார்த்தவர்களும் இருக்கிறார்கள். 2011-ல் அச்சல் பிரபாலா முன்னின்று நடத்திய ஒரு திட்டத்தில் மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் செபடி ஆகிய மொழிகளில் ஊர் மக்களின் பேச்சைப் பதிவுசெய்து, அந்த ஒலிப்பதிவையே மேற்கோளாகப் போட்டுக் கட்டுரை எழுதிப் பார்த்தார்கள். அருமையான முயற்சி. பொது விதியாக அது நிலைக்கவில்லை. எனக்கும் அதில் ஒரு தயக்கம் உண்டு. ஒரு விளையாட்டை எப்படி ஆடுவது, ஒரு பலகாரத்தை எப்படிச் செய்வது என்று ஒருவர் சொல்வதைப் பதிந்து போடுவது வேறு. ஒரு போராட்டத்தில் யார் தலைமை தாங்கினார் என்பதை ஒருவர் வாயால் மட்டும் கேட்டு எழுதுவது வேறு. நான்கு பேரைக் கேட்டு, முத்திரைத் தேதியோடு ஒப்பிட்டு, எதிர்த்தரப்பையும் விசாரித்து எழுதுகிற ஒருவர் நடுவில் வேண்டும். அந்த வேலையைக் கலைக்களஞ்சியம் செய்யக் கூடாது. அதற்கு முன்னால் யாராவது செய்திருக்க வேண்டும்.

அதைச் செய்தவர்கள் நம் மொழியில் இருக்கிறார்கள். தஞ்சையில் விவசாயக் கூலிகளுக்காகப் போராடி 1953-ல் இறந்துபோன மணலூர் மணியம்மையைப் பற்றி, எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன் ஊர் ஊராகப் போய் அவரோடு வாழ்ந்தவர்களைக் கேட்டுத் தகவல் திரட்டிப் பாதையில் பதிந்த அடிகள் என்று நாவலாகவே எழுதினார். நாவலைச் சான்றாக வைத்து எல்லாவற்றையும் எழுத முடியாதுதான். ஆனால் அதற்குப் பிறகுதான் பலரும் மணியம்மையைத் தேடத் தொடங்கினார்கள். கட்டுரைகள் வந்தன, ஆய்வுகள் வந்தன. ஒரு எழுத்தாளர் நடையாக நடந்ததால் ஒரு தலைவர் திரும்பக் கிடைத்தார். கொங்குநாட்டில் அந்த நடையை யார் நடப்பது?

பாரதியார் பல்கலைக்கழகத்திலும் அதன் கல்லூரிகளிலும் வரலாற்றுத் துறைகள் இருக்கின்றன. முனைவர் பட்ட ஆய்வேட்டை விக்கிப்பீடியா சான்றாக ஏற்றுக்கொள்கிறது, அதுவும் இப்போது பல ஆய்வேடுகள் சோத்கங்கா என்கிற ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் இணையத்திலேயே கிடைக்கின்றன. ஈரோட்டிலும் திருப்பூரிலும் பஞ்சாலை, விசைத்தறி, சாயப்பட்டறை, தோல் வேலை, தூய்மைப் பணி என்று எத்தனை சங்கங்கள், அவற்றில் எத்தனை பெண்கள். திண்டுக்கல்லை மையமாக வைத்து 2013-ல் தொடங்கிய, பெண்களே தலைமை தாங்குகிற ஜவுளித் தொழிலாளர் சங்கம், 2022-ல் பெரிய பன்னாட்டு ஆடை நிறுவனங்களோடு ஒப்பந்தமே போட்டது. ஆலைக்குள் பெண்களுக்கு நடக்கும் பாலியல் வன்முறையைத் தடுப்பதற்கான ஒப்பந்தம் அது. அந்தச் சங்கத்தில் பெரும்பான்மை தலித் பெண்கள். ஒரு ஆய்வு மாணவிக்கு இதைவிட நல்ல தலைப்பு வேண்டுமா? மாவட்டச் செய்தியாளர்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை பணியாளர்கள் மறியல் செய்யும்போது முன்வரிசையில் நிற்கிற பெண்ணிடம் பெயர், ஊர், எத்தனை வருஷமாகச் சங்கத்தில் இருக்கிறார் என்று மூன்று கேள்வி கேட்டு எழுதுங்கள். அந்த மூன்று வரி ஒரு நாள் மேற்கோளாக நிற்கும்.

வீட்டில் பழைய மாநாட்டு மலர், சங்க வெள்ளிவிழா மலர், ஊர்நூலகத்தில் தூசி படிந்த வட்டார வரலாறு, நின்றுபோன பத்திரிகைகளின் கட்டு என்று எது இருந்தாலும் பழைய பேப்பர் கடைக்குப் போடாதீர்கள். பெண்களின் பெயர் வருகிற பக்கத்தை மட்டும் படம் எடுத்தால் போதாது. அட்டை, வெளியிட்டவர் பெயர், ஆண்டு இருக்கிற பக்கம், பக்க எண் தெரிகிற மாதிரி அந்தப் பக்கம், மூன்றையும் எடுங்கள். படத்துக்குக் கீழே பெயர் இல்லாமல் பெண்கள் நிற்கிற குழுப்படம் இருந்தால், வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே காட்டி, இடமிருந்து வலமாக யார் யார் என்று கேட்டுப் பின்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள். கண்ணம்மாள் பக்கத்துக்கு இப்போதைக்கு எனக்கு வேண்டியது 1934 ஜனவரியில் கோவை விசாரணையை எழுதிய, பெரியாரின் இயக்கத்தைச் சேராத ஏதாவது ஒரு பத்திரிகையின் செய்தி. யாரிடமாவது இருந்தால் பக்க எண்ணோடு சொல்லுங்கள்.